ஊருக்கே முடிவெடுத்த டீஃபால்ட்

உலகத்தில் எல்லோரும்தான் டீ குடிக்கிறார்கள். ஆனால் அந்த டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையா இரண்டு ஸ்பூனா என்று நம்மைக் கேட்காமலே முடிவு செய்தவன் யார் என்று டீக்கடை வாசலில் நின்று விசாரணைக் கமிஷன் நடத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் டீஃபால்ட்தான். திருவண்ணாமலையில் அவர் விசாரிக்காத டீக்கடை கிடையாது. அவர் இரண்டாவது முறை வந்தபோது சிரித்த முகத்தோடு வரவேற்ற டீக்கடையும் அநேகமாகக் கிடையாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ ஒரு சாமி பெயர். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் டீஃபால்ட் என்றால்தான் தெரியும். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருந்த சமயம். தேரடிப் பக்கத்துச் சந்தொன்றில், மாடியில், பன்னிரண்டு மெஷின்களோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடந்தது. முதலாளிக்கு லாட்ஜ்தான் தொழில். சென்டர் அவருக்குக் கௌரவம். நான் அங்கே மேனேஜர். அதாவது டோக்கன் கொடுப்பவன். டீஃபால்ட் அங்கே டெக்னிக்கல் ஆள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சட்டையை எப்போதும் இன் பண்ணியிருப்பார், பாக்கெட்டில் சிவப்புப் பேனா இருக்கும், முகத்தில் ஏதோ மேல்முறையீடு நிலுவையில் இருக்கிற மாதிரி ஒரு பாவனை.

டீஃபால்ட் என்றால் என்ன என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்போது எனக்குத் தெரியாது. அவர் சொன்ன விளக்கம் இது: "நீ எதையும் தொடாம வுட்டா தானா இன்னா இருக்குமோ, அதான் டீஃபால்ட்டு. பத்துப் பேர்ல ஒன்பது பேரு எதையும் தொட மாட்டான். அப்போ அந்த ஒன்பது பேருக்கும் சேத்து யாரோ ஒருத்தன் முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். அவன் யாருன்னு நமக்குத் தெரிய வேணாமா?"

எனக்குத் தெரிய வேண்டாம். ஆனால் அவர் விடமாட்டார். அந்த டீக்கடை விசாரணை இப்படித்தான் நடந்தது.

"மாஸ்டர், கேக்காத ஆளுக்கு எத்தினி ஸ்பூன் சர்க்கரை போடறீங்க?"

"ரெண்டு. ஏன், கம்மியா போட்டுத் தரட்டா?"

"எனக்குக் கம்மி வேணாம். ரெண்டுன்னு யாரு முடிவு பண்ணது?"

"எங்க முதலாளி."

"அவருக்கு யாரு சொன்னது?"

"அவங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அவங்க அப்பா எங்க இருக்காரு?"

"அவரு போயி எட்டு வருசம் ஆச்சு சார்."

டீஃபால்ட் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா மேனேஜர்? செத்துப்போன ஒரு ஆளு, உயிரோட இருக்கிற அத்தினி பேரோட சர்க்கரையையும் முடிவு பண்ணிக்கினு இருக்காரு. ஒருத்தனும் எதிர்த்துக் கேக்கல." மாஸ்டர் பயந்துபோய் அவர் டம்ளரில் சர்க்கரையே போடவில்லை. டீஃபால்ட் அதை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, ரெண்டு ஸ்பூன் போடச் சொன்னார்.

சலூனில் போய் "ஒண்ணும் சொல்லாம உக்காந்தா எப்படி வெட்டுவீங்க?" என்று கேட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தும் பார்த்தார். பதினைந்து நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சென்டருக்கு வந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு பாட்டு பாடும்னு யாரு முடிவு பண்ணது? அவங்களைக் கேட்டீங்களா?" என்று மாமனாராக வேண்டியவரைக் கேட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. அந்தப் பெண் மட்டும் உள்ளே போகும்போது இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்லுவார். அது உண்மையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஊரில் அவர் வாயைத் திறக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான், கிரிவலம். பௌர்ணமி அன்று மாடி ஜன்னல் வழியே ஜனக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "எல்லாரும் ஒரே பக்கமா சுத்தறாங்க பாரு. ஒருத்தரும் செட்டிங்ஸ் எங்கன்னு தேடல. டீஃபால்ட்டுன்னா இப்படி இருக்கணும்" என்பார். இதைவிடப் பெரிய பக்தியை அவரிடம் நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் லினக்ஸ் சிக்கினால் என்ன ஆகும்? லினக்ஸ் ஒரு கம்பெனியின் சொத்தில்லை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி, மூட்டை கட்டி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அந்த மூட்டைக்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி அதைப் போடச் சொன்னார். டீஃபால்ட்டுக்கோ, வாழ்நாள் முழுக்க "யார் முடிவு பண்ணது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, "நீயே முடிவு பண்ணு" என்று யாரோ தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கேயோ எவரோ கட்டிய மூட்டையைப் பிரித்து, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மறுபடி கட்டினார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி சி.டி.யாகக் கொடுத்தார். போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் என்று சுற்றுவட்டாரத்து சென்டர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போயின. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மௌஸ் அம்பு தடியாக இருக்க வேண்டும், "அழிக்கவா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதில்தான் முதலில் நிற்க வேண்டும், இப்படி எல்லாமே அவர் முடிவு. மெஷினைப் போட்டதும் நாதஸ்வரம் வாசிக்க வேண்டும் என்பதும் அவர் முடிவுதான். காலையில் பன்னிரண்டு மெஷினையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவேன். கீழே சந்தில் போகிறவர்கள் மாடியில் முகூர்த்தம் நடக்கிறது என்று நினைத்தார்கள். ஒருநாள் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்து, பந்தி எங்கே என்று கேட்டார். அன்றோடு நாதஸ்வரம் நின்றது.

சி.டி.க்குள் ஒரு குறிப்பு இருக்கும்: "இவ்வமைப்புகள் யாவும் குழுவின் முடிவின்படி தீர்மானிக்கப்பட்டவை." குழு என்றால் அவரும் நானும். ஓட்டெடுப்பு முறையாக நடக்கும். சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. தலைவர் அவர். இரண்டு பேர் ஓட்டுப் போட்டால் சமமாக வராமல் வேறெப்படி வரும் என்று நான் கேட்டதற்கு, அதற்கும் ஓட்டெடுப்பு வைத்தார்.

குழுவின் பெயர் கெட்டது மலை விவகாரத்தில். திரையின் பின்னணியில் அண்ணாமலையார் மலையின் படத்தை வைத்தார். இந்த ஊரில் இதற்கு யார் ஆட்சேபணை சொல்லப் போகிறார்கள்? இரண்டே நாளில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து, கிரிவலப் பாதையில் ஒற்றை மெஷினோடு கடை வைத்திருந்த கோவிந்தன் வந்துவிட்டார்.

"இன்னா சார், எங்க மலைய மாத்தி வெச்சிருக்கீங்க?"

"மலையில இன்னாங்க உங்க மலை, எங்க மலை?"

"இது டவுன்லேர்ந்து எடுத்த போட்டோ. எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா இப்படியா இருக்கும்? எங்க புள்ளைங்க பாத்துட்டு இது எந்த ஊரு மலைன்னு கேக்குதுங்க."

டீஃபால்ட் அசந்துபோய்விட்டார். நேர்மையான மனிதர். மறுநாளே சைக்கிளில் போய் அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து படம் எடுத்து மாற்றினார். உடனே டவுன்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் சென்டரிலிருந்து போன் வந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை இத்தினூண்டுதான் தெரியும், இவ்வளவு பெரிதாக வைத்தால் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைசியில் மலையையே எடுத்துவிட்டு வெறும் நீல நிறத்தைப் பூசினார். எல்லோரும் சமமாக அதிருப்தி அடைந்தார்கள். "ஒருத்தனுக்கும் புடிக்கல பாத்தியா? அதான் நியாயமான டீஃபால்ட்டு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் எதையும் சும்மா முடிவு செய்யமாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். யாராவது ஒருவரை மெஷின் முன்னால் உட்காரவைத்து, பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொள்வார். அவர்கள் எதைத் தொடுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதுவார். உதவி செய்யக் கூடாது. நான் வாய் திறந்தால் காலை மிதிப்பார். சென்டருக்கு வந்த அத்தனை காலேஜ் பிள்ளைகளையும் இப்படி உட்காரவைத்துப் பரிசோதித்தார். அதனால் தன் முடிவுகளில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வந்தவர்களை மட்டும்தான் பரிசோதித்திருக்கிறோம், வராதவர்களை அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவருடைய முடிவுகளிலேயே அவருக்கு மிகவும் பெருமை, தமிழ் கீபோர்டு. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க அப்போது பல முறைகள் இருந்தன. பழைய டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அதே இடத்தில் வைத்தது ஒன்று. கம்ப்யூட்டருக்கென்றே புதிதாக யோசித்து, உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்யெல்லாம் வலப்பக்கம் என்று அடுக்கிய தமிழ்99 இன்னொன்று. டீஃபால்ட் புதிய முறையின் காதலர். அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். மஞ்சள் சி.டி. போட்ட எந்த மெஷினிலும் கேட்காமல் வருவது அதுதான். பழையது வேண்டுமென்றால் மேல் வரிசையின் கடைசிக் கீயை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இது சென்டரில் பழகிய பிள்ளைகளுக்குத் தெரியும்.

அப்போதுதான் வசந்தா அக்கா வந்தார்.

கீழ்பென்னாத்தூர்க்காரர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ். கோர்ட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஊர் ஜனங்களின் மனுக்களை அடித்துக் கொடுத்தவர். கம்ப்யூட்டர் வந்தபின் அவரிடம் மனு அடிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான்கு டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. தமிழில் வேகமாக அடிக்கத் தெரிய வேண்டும். தேர்வு எங்கள் சென்டரில். வயது வரம்புப்படி அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"விண்ணப்பம் வாங்கி வெச்சிருக்கேன் சார். கம்ப்யூட்டர்ல ஒருவாட்டி அடிச்சுப் பாத்துட்டு அனுப்பலாம்னு வந்தேன்" என்றார். பையிலிருந்து கையால் எழுதிய மனு ஒன்றை எடுத்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். டீஃபால்ட் சந்தோஷமாக நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

அக்கா அடித்தார் பாருங்கள். அடேயப்பா! நாங்கள் அதுவரை கேட்டதெல்லாம் ஒற்றை விரல் டொக்கு டொக்கு. இது ஓட்டுக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். கண் காகிதத்தைவிட்டு நகரவே இல்லை. திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டைப்ரைட்டிங் படித்தவர்கள் அப்படித்தான், அடிக்கும்போது மெஷினைப் பார்ப்பது பாவம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வரி முடியும்போதும் அவருடைய இடது கை தானாக மேலே எழும்பி, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குப் போகத் தள்ளுகிற, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைத் தள்ளிவிட்டு, மறுபடி கீழே வந்தது.

பக்கத்து மெஷின் பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் திரையைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். திரையில் தமிழ் எழுத்துகள் இருந்தன, தமிழ் இல்லை. முப்பத்தாறு வரியும் ஒரே பத்தியாக, எந்த மொழியிலும் சேராத ஒரு குப்பை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கை போயிடுச்சு போல சார்" என்றார். "அடிக்காம இருந்து இருந்து மறந்துபோச்சு."

"இல்லக்கா, அது கீபோர்டு…" என்று நான் ஆரம்பிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். விண்ணப்பமும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அதை அனுப்ப வேண்டிய கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. கையால் எழுதிய மனுவை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

டீஃபால்ட் சிரிக்கவில்லை. நோட்டில் ஒன்றும் எழுதவுமில்லை. அந்தக் குப்பையை ஒரு பிரிண்ட் எடுத்தார். "கீபோர்டு மேல தப்புன்னு அவங்க சொல்லல மேனேஜர். கை போயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். அதற்கப்புறம் மூன்று நாள் அவர் வேறெந்த வேலையும் பார்க்கவில்லை.

இரண்டு கீபோர்டு படங்களை வரைந்து சுவரில் ஒட்டினார். குப்பையில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும், எந்தக் கீயைத் தட்டினால் இது வந்திருக்கும், அதே கீயில் டைப்ரைட்டரில் என்ன எழுத்து என்று பார்த்துப் பார்த்து, சிவப்புப் பேனாவால் எழுதினார். இதற்கு ஒரு புரோகிராம் எழுதினால் ஐந்து நிமிஷ வேலை என்று பிற்பாடு ஒரு எஞ்சினியர் என்னிடம் சொன்னார். டீஃபால்ட்டுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கையால்தான் செய்தார். டீ ஆறிக் கிடந்தது. அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அவர் கேட்காத மூன்று நாட்கள் அவை மட்டும்தான். மூன்றாம் நாள் மத்தியானம், "உயர்திரு வட்டாட்சியர் அவர்களுக்கு, ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து முப்பத்தாறு வரியையும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பட்டா மாறுதல் கேட்டு எழுதிய மனு. ஒரு புள்ளி பிசகவில்லை.

"ஒரே ஒரு தப்பு" என்றார், அக்கா விட்டுப்போன கைப்பிரதியோடு ஒப்பிட்டுவிட்டு. "வா, கீழ்பென்னாத்தூர் போலாம்."

பஸ் பிடித்துப் போனோம். வசந்தா அக்கா வீட்டு வாசலில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனார். டீஃபால்ட் காகிதத்தை நீட்டினார்.

"நீங்க அடிச்சது இதான்."

அக்கா படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "இது நான் அடிச்சதா? அன்னிக்கி என்னமோ கோணல் மாணலா வந்துச்சே?"

"உங்க கை சரியாதான் அடிச்சுது. மெஷின்ல எழுத்துங்கள நான் வேற எடத்துல வெச்சிருந்தேன். தப்பு என் மேல. முப்பத்தாறு வரியில நீங்க வுட்டது ஒரே ஒரு தப்புதான். கிழக்கே ஏரி வாய்க்கால்னு எழுதியிருக்கு, நீங்க மேற்கேன்னு அடிச்சிருக்கீங்க."

அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. கோபம் வந்துவிட்டது. "அது தப்பில்ல சார்! அந்த நெலத்துக்கு மேற்கேதான் வாய்க்கா. எழுதிக் குடுத்த பெரியவரு அவசரத்துல மாத்தி எழுதிட்டாரு. எத்தினி வருசமா இந்த ஊரு மனு அடிக்கிறேன், எந்த நெலத்துக்கு எந்தப் பக்கம் வாய்க்கான்னு எனக்குத் தெரியாதா? கிழக்கேன்னு போட்டு அனுப்பினா மனு திரும்பி வந்துடும். நாந்தான் சரி பண்ணி அடிச்சேன்."

டீஃபால்ட் கைகூப்பினார். கேலிக்காக இல்லை, நிஜமாகவே கும்பிட்டார். அக்கா பதறிப்போய், "இன்னா சார் இது, மொதல்ல உக்காருங்க" என்று முறத்தில் வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். விண்ணப்பத்தை எங்கள் கண் முன்னாலேயே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

"பரிட்சை அன்னிக்கி அந்தக் கடைசிக் கீயைத் தட்டுங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டா முடிஞ்சுது சார்" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லலாம். செங்கத்துலேர்ந்து ஒருத்தங்க வருவாங்க. அவங்ககிட்ட யாரு சொல்வா? அவங்களும் கை போயிடுச்சுன்னு நெனச்சுக்கினு எழுந்து போவாங்க."

"சுவத்துல எழுதி ஒட்டிடலாம்."

"பரிட்சை ஹால்ல ஒரு காயிதம் இருக்கக் கூடாதுன்னு லெட்டர் வந்திருக்கு. காலண்டரையே கழட்டச் சொல்லிட்டாங்க."

"அப்போ எந்தக் கீபோர்டு வேணும்னு மெஷினையே கேக்க வெச்சுடுங்க."

"டைப்ரைட்டர் என்னிக்காவது கேள்வி கேட்டுச்சா? பரிட்சைக்கு வந்தவங்க அதையே மொதல் கேள்வின்னு நெனச்சு வேர்த்துப்போயிடுவாங்க." பஸ் ஊருக்குள் நுழையும்போது, "புதுசு தெரிஞ்ச பசங்களுக்கு மாத்தவும் தெரியும். பழசு தெரிஞ்சவங்களுக்கு மாத்தலாம்னே தெரியாது. அப்போ டீஃபால்ட்டு யாருக்கு?" என்றார். அவரே தன் காதலியைத் தாரை வார்த்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது முகம்.

மறுநாள் குழு கூடியது. பழைய டைப்ரைட்டர் முறையே இனி கேட்காமல் வரும் என்று குழுவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காலேஜ் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். "நாங்க ஒரு கீ ஜாஸ்தியா தட்டணுமா?" என்றார்கள். "தட்டுங்க. உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். பன்னிரண்டு மெஷினிலும் மாற்றினார். அடுத்த மஞ்சள் சி.டி.யிலும் அதே.

தேர்வு நாள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கண்டிப்பானவர். முதல் மெஷினில் உட்கார்ந்து தானே தமிழில் இரண்டு வார்த்தை அடித்துப் பார்த்தார். அவர் பயிற்சி வகுப்பில் புது முறை படித்தவர் போலிருக்கிறது. திரையில் குப்பை வந்தது.

"இன்னாய்யா இது? யாரு முடிவு பண்ணது இதை?"

முதலாளி என்னைப் பார்த்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் "குழு சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்நாள் முழுக்க ஊரில் ஒவ்வொருவரையும் இதே கேள்வி கேட்டுக் குடைந்த மனிதர் என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார். குழுவெல்லாம் கெடையாது."

"புதுசுதானே இருக்கணும்?"

"புதுசு வேணும்னா அந்தக் கடைசிக் கீயை ஒரு தட்டுத் தட்டுங்க சார். அது தெரிஞ்சவங்க தட்டிக்குவாங்க. உங்களுக்கு இது வரலன்னதும் என்னைக் கூப்பிட்டு அதட்டிக் கேட்டீங்க. பழசு மட்டும் தெரிஞ்சவங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க சார். தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கினு எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. ஏற்கெனவே ஒருத்தங்க போயிட்டாங்க."

அதிகாரி அறிவிப்பை எடுத்துப் புரட்டினார். தமிழில் அடிக்கத் தெரிய வேண்டும் என்றுதான் இருந்தது, எந்தக் கீபோர்டு என்று இல்லை. கீயைத் தட்டினார். அவர் படித்த புது முறை வந்தது. இன்னொரு முறை தட்டி, பழையபடியே வைத்தார். "சரி, ஆரம்பிங்க" என்றார். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே நானும் டீஃபால்ட்டும் தலையை இடித்துக்கொண்டு பார்த்தோம். மணி அடித்ததும் பிள்ளைகள் சிலர் கடைசிக் கீயைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்கள். வசந்தா அக்கா ஜன்னலோரத்தில் இருந்தார். மழைச் சத்தம் தொடங்கியது. முதல் வரி முடிந்து அக்காவின் இடது கை மேலே எழும்பியது. அதே சமயம் முன்வரிசையில் இன்னொரு கை எழும்பியது. நடுவில் ஒன்று. மூலையில், தலை நரைத்த ஒருவருடையது. போளூரோ செங்கமோ, எங்கிருந்து வந்தவர்களோ, எங்கள் சென்டரில் ஒருநாளும் காலடி வைக்காதவர்கள், ஒவ்வொரு வரி முடிவிலும் இல்லாத நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டீஃபால்ட் விரல் விட்டு எண்ணினார். ஏழு கை.

"இவங்கள்லாம் இத்தினி நாளா எங்க இருந்தாங்க மேனேஜர்?" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், நோட்டுப் புத்தகம் இல்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்து, மறுபடி பாக்கெட்டில் வைத்தார்.

நான்கு பேர் பட்டியலில் வசந்தா அக்கா மூன்றாவது. வேலையில் சேர்ந்தபின் ஒருநாள் வந்து முதலாளிக்கு நன்றி சொன்னார், எனக்குச் சொன்னார், டீஃபால்ட்டிடம் மட்டும் அந்த ஏரி வாய்க்கால் மேற்கேதான் என்பதை இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுவுக்குப் பட்டாவும் மாறிவிட்டதாம்.

சில வருஷங்களில் சென்டர் மூடப்பட்டது. முதலாளி அந்த மாடியையும் லாட்ஜாக்கிவிட்டார். டீஃபால்ட் சென்னைக்கு ஏதோ கம்பெனியில் சேர்ந்து போனார். கல்யாணமும் ஆனது. அழைப்பிதழ் எனக்கு வந்தது. வருகிறவர்கள் சாப்பாட்டில் என்ன விரும்புவார்கள் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லி உள்ளே ஒரு தபால் கார்டும் வைத்திருந்தார். நான் அனுப்பாமல் விட்டேன். பந்தியில் கேட்காமலே எனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் விழுந்தது.

இப்போது என் கையிலிருக்கும் போனும், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரும் என்னைக் கேட்காமல் ஆயிரம் விஷயங்களை முடிவு செய்துவிட்டுத்தான் பெட்டியைவிட்டு வெளியே வருகின்றன. முடிவு செய்தவர் யாரோ, எந்த ஊரோ. நான் ஒன்றை நினைத்து அடிக்கிறேன், அங்கே வேறொன்று வருகிறது. வயதாகிவிட்டது, நமக்கு இதெல்லாம் வராது என்று அதை மூடி வைத்துவிடுகிறேன். அப்போதெல்லாம், நான் அடித்த குப்பையை மூன்று நாள் உட்கார்ந்து படித்துவிட்டு, "தப்பு உன் மேல இல்ல மேனேஜர்" என்று சொல்ல அந்த மனுஷன் பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது.